பேபி பம்பு

கள்ளிக்குப்பத்துக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த கைப்பம்புக்கு ஊர் வைத்த பெயர் பேபி பம்பு. கல்வெட்டில் என்னவோ கம்பெனி அறக்கட்டளையின் பெயரும், 1993 என்ற வருடமும்தான் இருந்தன. ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புகிற யாரும் கல்வெட்டைப் படித்துவிட்டுப் போவதில்லை. "பேபி பம்புக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் சாமுண்டீஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

இத்தனைக்கும் பேபியைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனதே சாமுண்டிதான். இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். பேபி பத்தாவதில் இரண்டு முறை தவறிவிட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சாமுண்டி ரயில் ஏறிப் போய்க் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தாள். கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து டிகிரி வாங்கிய முதல் பெண் என்று அப்போது தெருவே அவளைப் பார்த்தது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற அந்தப் பெரிய கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. கம்பெனி கள்ளிக்குப்பத்தைத் தத்து எடுக்கப்போகிறது, ஊரில் பேசத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று பர்சனல் மேனேஜர் பரந்தாமன் கேட்டபோது, சாமுண்டிதான் பேபியின் பெயரைச் சொன்னாள். பாய் விரிக்கிற, டீ கொடுக்கிற வேலையாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

ஒரே வருடத்தில் பேபிக்குக் கம்பெனி மொபெட் வந்தது. கண் சிகிச்சை முகாம், தையல் வகுப்பு, பம்பு என்று அவள் எதைத் தொட்டாலும் நடந்தது. பொங்கலுக்கு கேன்டீனில் நடந்த விழாவில் எம்.டி. அவளை மேடைக்கு அழைத்து, "பேபி மாதிரி பத்து பேர் இருந்தா இந்தக் கம்பெனியை நான் கோயில்னு சொல்லுவேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சாமுண்டியும் தட்டினாள். கீழே இறங்கி வந்த எம்.டி. முதல் வரிசையில் அவளைப் பார்த்துச் சிரித்து, "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கட்டியிருந்த பட்டுப்புடவையை மடிக்காமல் சுருட்டி பீரோவில் எறிந்தாள்.

லேபில் அவள் வேலை, முலாம் பூசும் தொட்டிகளின் தண்ணீரையும் வெளியே போகிற கழிவுத் தண்ணீரையும் சோதித்து எழுதுவது. தொட்டியின் கணக்கு மட்டும் நிஜம். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இயந்திரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஜீப் வருகிற நாட்களில்தான் ஓடும். மற்ற நாட்களில் கழிவெல்லாம் அப்படியே பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டிய குட்டைக்குத்தான் போகும். மாதம் பிறந்ததும் லேப் ஹெட் ஜெயராமன் ஒரு கட்டு வெற்று ஃபாரங்களைக் கொண்டுவந்து வைப்பார். "கையெழுத்தைப் போட்டு வச்சிடும்மா. நம்பரை நான் பாத்துக்கறேன்." அவளும் போட்டுவிடுவாள். முதல் வருடம் உறுத்தியது. பிறகு அது பழகிவிட்டது.

பேபி பம்பின் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அக்கறையால் அல்ல. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இரும்புத்துரு, ஏதாவது ஒரு குறை தென்பட்டால் போதும். நாலு பேர் நடுவில் மெதுவாகச் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், உப்பைப் பார்த்தாள், சரியாக இருந்தது. துருவும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. கைப்பழக்கத்தில், கழிவுத் தண்ணீருக்குச் செய்கிற குரோமியம் சோதனையையும் செய்தாள். இரண்டு சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் ஊதாவாக மாறியது.

குடிக்கிற தண்ணீரில் அந்த நிறம் வரவே கூடாது. மறுபடி செய்தாள். அதே ஊதா. அளந்து பார்த்தபோது அனுமதித்த அளவைப் போல் எட்டு மடங்கு இருந்தது. பின்பக்கக் குட்டையிலிருந்து பம்பு எவ்வளவு தூரம் என்று மனத்துக்குள் நடந்து பார்த்தாள். முந்நூறு அடி கூட இல்லை.

முதலில் வந்தது பயம் அல்ல. 'மாட்டினாடி' என்றுதான் மனம் துள்ளியது. அதன் பிறகுதான் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அளவைத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதினாள். இரண்டு வாரத்தில் பம்பின் முதலாம் ஆண்டு விழா. எம்.டி. வருவார், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், பேபிக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். அன்றைக்குச் சொன்னால்? மேடையில் பேபியின் முகம் எப்படி ஆகும் என்று பலமுறை நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க இனித்தது.

அதுவரைக்கும் தன் வீட்டுக்கு அந்தத் தண்ணீரை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மா கேட்டாள். "இன்னாமே, பேபி பம்பு வுட்டுட்டு லாரித் தண்ணிக்கு நிக்கிற?"

"எங்க ஊட்டுக்காரருக்கு அது ஒத்துக்கல. சளி புட்ச்சிக்குது."

"எங்களுக்கு சோக்கா கீதே. எம் பொண்ணு அத்த வுட்டா வேற தண்ணியே தொடாது."

எல்லம்மாவின் பெண்ணுக்கு நாலு வயது. அது பம்பின் மேடையில் உட்கார்ந்து தட்டில் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. சாமுண்டி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் ஒரு வாரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் வாசலில் மொபெட் வந்து நின்றது. பேபி தலையெல்லாம் கலைந்து, வேர்த்துப்போய் உள்ளே வந்தாள்.

"சாமுண்டி, எல்லம்மா பொண்ணுக்கு கையெல்லாம் புண்ணு. வாந்தி வேற. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி வுட்டுட்டு நேரா இங்கதான் வரேன். ஒண்ணு கேக்கணும்."

"இன்னா?"

"தண்ணி லேசா மஞ்சளா கீதுன்னு போன மாசமே பரந்தாமன் சாருகிட்ட சொன்னேன். டெஸ்ட் பண்ணிட்டாங்கன்னு இத்த குடுத்தாரு."

மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். குடிக்க ஏற்றது என்று டைப் அடித்திருந்தது. கீழே சாமுண்டியின் கையெழுத்து.

"எனக்கு இதுல இருக்கற நம்பர்லாம் புரியாது. உன் கையெழுத்தப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. ஊடு ஊடா போயி காட்டினேன். நம்ம சாமுண்டி பாத்து சொல்லிக்கீது, தைரியமா குடிங்கன்னு. இப்போ மனசு கேக்கல. நீயே உங்கண்ணால பாத்தியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் பேபியின் கண்ணில் சந்தேகமே இல்லை; பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டை நீட்டி 'இது சரியாடி' என்று கேட்கும்போது இருந்த அதே பார்வை.

"பாக்கல. அது வெறும் ஃபாரத்துல போட்ட கையெழுத்து."

பேபி காகிதத்தைத் திருப்பி அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் பாத்தேன்" என்றாள் சாமுண்டி. "தண்ணில கம்பெனி விஷம் கலந்துகீது."

"எப்போ பாத்த?"

"பத்து நாளாச்சு."

பேபி கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பத்து நாளு" என்றாள். "எம்மேல ஒனக்கு இன்னாமே அவ்ளோ கோவம்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. மொபெட்டின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பம்புக்கு ஓடினாள்.

வரிசையில் நின்ற பெண்களின் முன்னால் கைப்பிடியைக் கழற்றிக் கீழே போட்டாள். "யாரும் குடிக்காதீங்க. புட்ச்சி வச்சதையும் கொட்டிடுங்க. நாந்தான் குடிங்கன்னு சொன்னேன். தப்பு என்னுதுதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சாமுண்டியின் பெயரை எடுக்கவே இல்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாமுண்டிக்கு அது அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. பேபி மன்னிப்புக் கேட்கக் கேட்க, பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் கம்பெனியில் விசாரணை. கம்பெனி சொத்தைச் சேதம் செய்தது, வதந்தி பரப்பியது என்று பேபி மேல் குற்றம். உள்ளே போவதற்கு முன் ஜெயராமன் சாமுண்டியை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார். "கையெழுத்து என்னுதுதான்னு மட்டும் சொல்லு. அது பொய் இல்லையே. சீனியர் கெமிஸ்ட் ப்ரமோஷன் லிஸ்ட் எம்.டி. மேஜைல இருக்கு. உன் பேரும் இருக்கு."

பரந்தாமன் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். "தண்ணில விஷம்னு உனக்கு யார் சொன்னா?" என்று பேபியைக் கேட்டார்.

பேபி திரும்பிச் சாமுண்டியைப் பார்க்கக்கூட இல்லை. "யாரும் சொல்லல சார். கலரப் பாத்தேன். கொயந்தைக்குப் புண்ணு வந்துச்சி. அவ்ளோதான்."

"நீ கெமிஸ்டா? இதோ கெமிஸ்ட் சர்டிபிகேட். ஏம்மா சாமுண்டீஸ்வரி, இது உன் கையெழுத்துதானே?"

அப்போது சாமுண்டிக்குள் எழுந்தது மனசாட்சி என்று யாராவது சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பத்தாவது தேறாத இந்தப் பேபி, தன்னைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை இழந்துவிட்டுப் போகப்போகிறாள். ஊர் காலமெல்லாம் அவளைக் கொண்டாடும். தான் அவள் போட்ட பிச்சையில் சீனியர் கெமிஸ்டாக உட்கார்ந்திருக்க வேண்டும். இதையும் இவளுக்கே விட்டுக்கொடுப்பதா என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் வாயைத் திறந்த பிறகு, வந்த சொற்கள் கொதிப்பைத் தாண்டிப் போய்விட்டன.

"கையெழுத்து என்னுது. டெஸ்ட் பண்ணவே இல்ல. ஒன்பது வருஷமா எல்லா ஃபாரமும் அப்படித்தான். சுத்தம் பண்ற மிஷின் ஜீப் வர்ற அன்னிக்குத்தான் ஓடும் சார். மத்த நாள் எல்லாம் குட்டைக்குப் போவுது, அங்கேர்ந்து பம்புக்கு. நான் தனியா டெஸ்ட் பண்ணேன். நோட்டுல தேதியோட இருக்கு."

"யோசிச்சுப் பேசும்மா" என்றார் பரந்தாமன்.

"பேபிக்கு நான் பத்து நாள் கழிச்சுத்தான் சொன்னேன். விழா அன்னிக்கு அவ அசிங்கப்படணும்னு காத்துக்கிட்டிருந்தேன். அதையும் எழுதிக்குங்க."

பேபி முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

விழா நடக்கவில்லை. நோட்டின் நகலோடு ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். வாரியத்து ஜீப் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை வந்தது. அதன் பிறகு சுத்தம் செய்கிற இயந்திரம் தினமும் ஓடியது. குட்டையைத் தோண்டி மண்ணை அள்ளினார்கள். கம்பெனி செலவில் நாள் தவறாமல் ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது. அதன் பக்கவாட்டில் அறக்கட்டளையின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். பேபியை அறக்கட்டளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாமுண்டியை நிறுத்தினால் வெளியே போய்ப் பேசுவாள் என்று ஸ்டோர்ஸில் கையுறை எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஜெயராமன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

எல்லம்மாவின் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் புண் ஆறியது. ஆனால் பத்து நாள் கதை ஊருக்குத் தெரிந்துவிட்டது. எல்லம்மா சாமுண்டியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாமுண்டி ஒரு முறை வீட்டுக்கே போய் நின்றாள். எல்லம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். சாமுண்டி அதைச் சரியென்றுதான் எடுத்துக்கொண்டாள்.

பேபி மறுபடி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கே நூல் வெட்டப் போனாள். ஆனாலும் ரேஷன் கார்டானாலும் தெருவிளக்கானாலும் ஊர் அவள் வாசலுக்குத்தான் போனது. லாரி வந்தால் அவள் குடத்துக்கு இடம் தானாக விலகும். ஒரு நாள் காலை சாமுண்டி வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. முன்னால் நின்ற பேபி திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இன்னாமே அங்கியே நின்னுகினு கீற? ஷிஃப்டுக்கு நேரமாவல? இங்க வா."

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் பேபி சொன்னதால் வழி விட்டார்கள். சாமுண்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து நடந்தாள். பேபி ஒரு சொல் சொன்னால் ஊர் நகர்கிறதே என்று வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மூண்டது. அது போகவில்லை. போகாது என்றும் அவளுக்குத் தெரிந்தது. அதோடேயே போய் பேபியின் பக்கத்தில் நின்றாள்.

"உன் பையன் பரிட்சை எப்படி எழுதினான்?" என்று கேட்டாள்.

"கணக்குலதான் புட்டுக்கினான். சாயங்காலம் அனுப்பட்டுமா, சொல்லித் தரியா?"

"அனுப்பு" என்றாள் சாமுண்டி.