சீக்கிரம் அடங்குகிற கிடார்

“கம்பிதான் தப்பு, கிடார் தப்பில்லைன்னு சொல்றேன்ல. ஏன்டா காதுலயே வாங்க மாட்டேங்கற?”

அடகுக்கடைச் சுவரில், ஒரு ரம்பத்துக்கும் பழைய தூண்டில் கழிக்கும் நடுவே தொங்கிய கிடாரை விட்டுக் கண்ணை எடுக்காமலேதான் டெஸ்ஸா இதைச் சொன்னாள். டீனோ அதை ஒரே ஒரு முறை மீட்டிப் பார்த்திருந்தான். முள்வேலியில் மாடு மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடையைக் கட்டியிருந்தான்.

ஏசி ரிப்பேர் வேலையை நிறுத்திவிட்டு, தன் வண்டியில் அவளை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. இந்த வாரத்தில் இரண்டு தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனை, அதே மாதிரி எத்தனையோ வீட்டு கராஜ், சான் ஆன்டோனியோவில் ஒரு பெரிய கடை என்று சுற்றியாகிவிட்டது. அவன் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

தேடலைத் தொடங்கிவைத்தவர் கார்லண்ட். ஷூமான் நடனக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் வாசிக்கிற குழு அவருடையது. அவர் ஃபிடில் வாசிப்பார், கணக்கும் பார்ப்பார், கோபமும் அவரே படுவார். குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர் மகளோடு இருக்க ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார். அந்த இடம் காலி. தீவனக் கடையில் கோழித் தீவனத்துக்கும் குதிரைத் தீவனத்துக்கும் பில் போட்டுக்கொண்டே தாளம் தட்டுகிற டெஸ்ஸாவுக்கு, அந்த இடத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். போன சனிக்கிழமை போய் வாசித்தும் காட்டினாள். இரண்டு பாட்டு முடிவதற்குள் கார்லண்ட் கையை உயர்த்திவிட்டார்.

கையில் குறை இல்லையாம். கிடாரில்தான் குறையாம். அவளுடைய இரும்புக் கம்பிச் சத்தம் அவர் ஃபிடில் மேலேயும், பக்கத்தில் ஒருவர் படுக்கவைத்து வாசிக்கிற ஸ்டீல் கிடார் மேலேயும் ஏறி மிதிக்கிறதாம். “எனக்கு நைலான் கம்பி வேணும் கண்ணு. அந்தப் பழைய கன்ட்ரி பாட்டுச் சத்தம். வர்ற சனிக்கிழமை அதோட வா. இல்லைன்னா கெர்வில்லேருந்து ஒரு பையன் கேட்டுட்டே இருக்கான்.”

அந்தச் சத்தம் என்றால் எந்தச் சத்தம் என்று அவரைக் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாயாலேயே ‘டுப், டுப்’ என்று செய்து காட்டினார், அவ்வளவுதான். ஆனால் டெஸ்ஸாவுக்குத் தெரியும். சின்ன வயதில் வண்டி ரேடியோவில் கேட்டது. உருண்டையாகத் தொடங்கும். பளபளப்பு இருக்காது. அடுத்த தட்டு வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடும். அது எப்படி வருகிறது என்பதுதான் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

சான் ஆன்டோனியோ கடையில் ஒரு விற்பனைக்காரர், நீளமான நகமும் நீளமான முகமும் உள்ளவர், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து தேவதாரு மரத்தில் செய்த நைலான் கிடார் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு பெண் லிஃப்டை விட்டு இறங்கிப் போன பிறகும் உள்ளே நிற்கிற வாசனை மாதிரி, சத்தம் அறைக்குள் நின்றுகொண்டே இருந்தது. அழகுதான். ஆனால் இது அது இல்லை. இதைவிடக் கொஞ்சம் மட்டமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தன் காதைச் சந்தேகப்பட்டோ என்னவோ, அவர் இதைவிட விலை கூடியதை எடுத்து வந்தார். அது இன்னும் நீளமாக ஒலித்தது.

டெஸ்ஸா சட்டைப் பையிலிருந்து கம்பி மீட்டுகிற பிளாஸ்டிக் பிக் ஒன்றை எடுத்து அதனால் வாசிக்க ஆரம்பித்ததும் அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. பலகையில் கீறல் விழுமாம். அப்புறம் அவள் தன் காலுறையைக் கழற்றிச் சுருட்டி, கம்பிகளுக்கு அடியில் செருகி வாசித்தாள். சத்தம் சட்டென்று குட்டையானது. கிட்டத்தட்ட அதேதான். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் மேனேஜரைத் தேடிக்கொண்டு போனார்.

திரும்பி வருகிற வழியில் டீனோவை அவள் விடவில்லை. நல்ல மரம் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதென்றால், கெட்ட மரம் விட்டுவிடும் அல்லவா? டீனோ யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மரியாச்சி என்கிற மெக்சிகோ இசை வகுப்பில் தாங்கள் வாசித்த கிடார்களைச் சொன்னான். எல்லாம் ப்ளைவுட். முதல் வருஷமே மழையில் நனைந்தவை. கதவைத் தட்டினாலும் அதைத் தட்டினாலும் ஒரே சத்தம்தான் என்று மிஸ் அராசெலி திட்டிக்கொண்டே இருப்பார். இதைக் கேட்டதும் டெஸ்ஸா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நடு நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது என்று டீனோ சொன்னதைக் கவனிக்காமல், தாங்கள் இத்தனை நாளும் கடையின் தப்பான பக்கத்தில் தேடியிருக்கிறோம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

அப்படித்தான் வியாழக்கிழமை மத்தியானம் இந்த அடகுக்கடை.

“வா, இதைப் பாரு,” என்று டீனோவின் கையைப் பிடித்து இழுத்தாள். தலைப்பகுதியில் நீளவாட்டில் இரண்டு பள்ளம் வெட்டியிருந்தது. கழுத்து அகலம், தட்டை. இந்த அமைப்பு நைலான் கம்பிக்கானது. யாரோ ஒருவன் அதில் இரும்புக் கம்பியைக் கட்டியிருக்கிறான். அந்த இழுப்புத் தாங்காமல் முன்பலகை வயிறு மாதிரி உப்பியிருந்தது. கம்பி கட்டுகிற மரத்துண்டு பின்பக்கம் எழும்பி நின்றது. ஒரு சீட்டுக்கட்டு அட்டையைச் செருகலாம் போலிருந்தது.

கடைக்காரி மெல்பா, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் மின்விசிறியை மொத்தமாகத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக் கொண்டுவந்து வைத்தவன் ஒரு பண்ணைக்காரனாம். மனைவி வாங்கித் தந்த கிடாரில் மீன் பிடிக்கிற நரம்பைக் கட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, ஒழுங்கான கம்பியாகத் தானே மாற்றிவிட்டானாம். அதன் பிறகு மீட்கவே வரவில்லை. தொண்ணூறு டாலர், குறைக்க முடியாது என்றாள்.

டெஸ்ஸா கைபேசி விளக்கைப் போட்டு, கிடாரின் நடுத்துளை விளிம்பில் கண்ணை ஒட்டவைத்தாள். முழு மரமாக இருந்தால் மேலே தெரிகிற ரேகை விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். இங்கே ரேகை இறங்கவில்லை. வேஃபர் பிஸ்கட்டை வெட்டினது மாதிரி மூன்று அடுக்கு தெரிந்தது.

“மெல்பா மேடம், இது ப்ளைவுட்,” என்றாள். சந்தோஷத்தில் குரல் கம்மிவிட்டது.

மெல்பாவின் முகம் சிவந்தது. அந்தக் கம்மலை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“பாரு கண்ணு, நான் என்ன தச்சனா? உள்ள எட்டிப் பாத்தா நான் வாங்கினேன்? சரி, அறுபது குடு.”

“இல்ல மேடம், நெஜமாவே ப்ளைவுட். மூணு அடுக்கு. முழுக்க.”

“திரும்பத் திரும்பச் சொல்லாத, கடையில ஆளுங்க இருக்காங்க. நாப்பது. எடுத்துட்டுக் கெளம்பு.”

கடையில் வேறு யாரும் இல்லை. டெஸ்ஸா இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டீனோ அவள் பூட்ஸ் மேல் தன் பூட்ஸை வைத்து அழுத்தினான். வெளியே வந்து வண்டியில் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை. ஏறிய பிறகு, மெல்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று டெஸ்ஸா கேட்டாள். நீ சொன்னதே உண்மைதானே, அதுவும் இரண்டு தடவை, என்றான் டீனோ.

வீட்டுக்கு வந்ததும் இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். அவிழ அவிழ முன்பலகை மூச்சு விடுகிற மாதிரி மெல்ல இறங்கியது. எழும்பி நின்ற மரத்துண்டுக்கு அடியில் பசையை ஊட்டி, இடுக்கிப் பிடியால் இறுக்கி வைத்தாள். காய்கிற வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து புது நைலான் கம்பிகளைக் கட்டினாள். சுருதி சேர்த்தாள். ஒரு பாட்டு வாசித்தாள். பாட்டு முடிவதற்குள் ஆறு கம்பியும் இறங்கியிருந்தது. மறுபடி சேர்த்தாள். மறுபடி இறங்கியது. புது நைலான் நாள் கணக்காக நீண்டுகொண்டேதான் இருக்கும், பழகின பிறகுதான் நிற்கும் என்று அப்போதுதான் தேடிப் படித்தாள். நாள் கணக்குக்கு எங்கே போவது? நாளைக்குச் சனிக்கிழமை.

இருந்த கலக்கத்திலும் அவளுக்கு இன்னொன்று உறுத்தியது. சுருதி நின்றாலும் இது அந்தச் சத்தம் இல்லை. குட்டையாக இருக்கிறது, சரி. ஆனால் தடித்த கம்பிகளில் ஒரு மினுக்கு இருக்கிறது, புதுச் செருப்பு மாதிரி. டீனோவுக்குப் போன் போட்டு, அவனுடைய பள்ளிக்கூடக் கிடார்களில் கம்பி எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டாள். எப்போதும் மாற்ற மாட்டார்கள் என்றான் அவன். பிறகு, போட்டிக்குப் போகிற வருஷம் மட்டும் மாற்றுவார்கள் என்றான். இந்த வருஷம் போகிறார்கள் என்று அவனுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் போட்டி.

சனிக்கிழமை காலையில் மிஸ் அராசெலியின் வீட்டு வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். கழற்றிப் போட்ட கம்பிகளை அவர் ஒரு ரொட்டிப் பையில் அடைத்து வைத்திருந்தார், குப்பைக்கு. படிக்கிற காலத்தில் ஒழுங்காக வராத டீனோ, குப்பையைக் கேட்டு வந்திருக்கிறானே என்று அவனைக் கன்னத்தில் தட்டிவிட்டுப் பையைக் கொடுத்தார். அதில் நீளம் மிச்சமிருந்த ஆறைப் பொறுக்கி எடுத்தாள் டெஸ்ஸா. பிள்ளைகளின் விரல் வியர்வையில் கறுத்து, மினுக்கே இல்லாமல் போன கம்பிகள். கட்டினாள். சேர்த்தாள். நின்றது. ஒரு தட்டு.

டுப்.

அடுத்த தட்டு வருவதற்குள் இடம் காலி. டீனோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

நடனக்கூடத்தில் கார்லண்ட் கிடாரைப் பார்த்தார், டெஸ்ஸாவைப் பார்த்தார். இதை எந்தச் சாக்கடையில் இருந்து இழுத்தாய் என்று கேட்டார். கெர்வில் பையனும் வந்து, பளபளவென்று ஒரு பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதலில் அவனைத்தான் மேடையில் ஏற்றினார். நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் அவன் கிடார் மைக்குக்குப் பக்கத்தில் போனதும் ஊளையிட்டது. தள்ளி நின்றால் ஊளை நின்றது, கிடாரும் கேட்கவில்லை.

டெஸ்ஸாவின் கிடார் மைக்கோடு ஒட்டி நின்றும் ஊளையிடவில்லை. ஆடுவதற்கு முதலில் ஒரு டூ-ஸ்டெப் பாட்டு, பிறகு ஒரு வால்ட்ஸ். ஃபிடிலுக்கு அடியில், ஸ்டீல் கிடாருக்கு அடியில், பூட்ஸ் தேய்கிற சத்தத்தோடு சேர்ந்து அந்த டுப், டுப் போய்க்கொண்டே இருந்தது. அவளை முறைத்துக்கொண்டே வாசித்த கார்லண்ட், வால்ட்ஸ் பாதியில் ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் கடைசிவரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. இனி அவள் மேல் கண் வைக்க வேண்டியதில்லை, அதுதான் பதில் என்று டெஸ்ஸாவுக்குப் புரிந்தது. கெர்வில் பையனுக்கும் புரிந்தது. எழுந்து வந்து, போகிற போக்கில், அது என்ன மரம் என்று கேட்டான். ப்ளைவுட் என்று அவள் சொன்னதை நம்பாமல் போய்விட்டான்.

எல்லாம் முடிந்து மேடைச் சாமான்களை மூட்டை கட்டுகிற நேரத்தில் கார்லண்ட் வந்தார்.

“இனி வாராவாரம் நீ. ஆனா கண்ணு, அந்த நாலாவது கம்பியப் பாரு, மேல சுத்தியிருக்கற மெல்லிசு இழை உரிஞ்சு தொங்குது. அடுத்த வாரத்துக்குள்ள அறுந்துரும். எல்லாத்தையும் புதுசா மாத்திட்டு வா.”

சரி சார் என்றாள். வண்டியில் போகும்போது கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தாள். ரொட்டிப் பையில் வேறு நாலாவது கம்பி மிச்சமில்லை. புதிதாகக் கட்டி ஒரு வாரம் விடாமல் வாசித்துப் பழக்கினால் சுருதி நிற்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த டுப்? அது மூன்றடுக்குப் பலகையில் இருக்கிறதா, செத்த கம்பியில் இருந்ததா? எல்லாம் கம்பிதான், ஆறையும் மாற்றினால் போய்விடும் என்கிறான் டீனோ. பலகைதான், போகாது என்கிறாள் டெஸ்ஸா, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிச் சொல்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது: ஆறையும் மாற்றுவதா, அந்த ஒன்றை மட்டுமா?