மூலை வளைத்த அட்டை

கடை திறந்ததிலிருந்து கத்திரி ஓயவில்லை. கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தக் கத்திரியால் மாத்திரை அட்டைகளைத் துண்டு போட்டு, உறையில் இட்டு, காலைக்கு ஒரு கோடு இரவுக்கு ஒரு கோடு என்று உறை மேல் கிழித்து நீட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் கத்திரி அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அதே பெயர்தான்.

இன்று கை மட்டும்தான் கடையில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தம்பியின் சட்டையை ஊறப்போடும்போது பையில் ஒரு காலி அட்டைத் துண்டு கிடைத்தது. பூட்டிய அலமாரியில் வைத்து, டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாத வலி மாத்திரை. அவன் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவதும், கூப்பிட்டால் எரிந்து விழுவதும் அவள் கண்ணில் படாமல் இல்லை. உழைக்கிற உடம்பு, அலுப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

"இது ஏதுடா?" என்று கேட்டதற்கு, "கடைத்தெருவுல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். முதுகு விட்டுப் போவுதுக்கா. விடேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான்.

விட முடியவில்லை. அந்தத் துண்டின் மூலைகள் வளைத்து வெட்டப்பட்டிருந்தன. அது அவள் கைவேலை. பூட்டு சாவிக் கடை வைத்திருந்த பூட்டுக்காரரின் மனைவிக்கு எலும்பில் புற்றுநோய். தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை அட்டையின் கூர்மூலை விரலில் கீறி ரத்தம் நிற்கவே இல்லை என்று அவர் சொன்னார். அதிலிருந்து அந்த வீட்டுக்கு வெட்டும் அட்டைகளுக்கு மட்டும் மூலையை வளைத்துவிடுவாள். வேறு யாருக்கும் செய்ததில்லை. அப்படியானால் மருந்து அந்த வீட்டிலிருந்துதான் கடைத்தெருவுக்குப் போகிறது. மனைவி பேரில் வாங்கி மனுஷன் விற்கிறார்.

தம்பிக்கு இதே கடையில்தான் வேலை. பெட்டி இறக்குவான், வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பான். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த மனுஷர் தன் கடையைப் பூட்டிவிட்டு மனைவி பக்கத்திலேயே கிடக்க ஆரம்பித்த பிறகு, "போற வழிதானேடா, நீயே குடுத்துடு," என்று அவனை அனுப்பியவளும் அவள்தான். அந்தக் கணக்கை அவள் மனசு போட்டுப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் இதை வாங்கிப் போடுகிறான் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் பூட்டுக்காரரே வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது. சீட்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்துத் தடவி விரித்தார்.

"இந்த மாசத்தது இன்னும் முடியல. இருந்தாலும் கொஞ்சம் முன்னாடியே குடுக்க முடியுமாம்மா? கொஞ்சம் கூடவும் வேணும்."

முதலாளி அடிக்கடி சொல்லுவார்: முன்கூட்டி வருகிறவனையும் கூடக் கேட்கிறவனையும் நம்பாதே. அவளுக்குத் தலைக்கு ஏறியது.

"கூட எதுக்கு? கடைத்தெருவுல போட்டு விக்கவா?"

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டுக்காரருக்குப் புரியவே இல்லை. யாரையோ சொல்கிறாள் என்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"உங்களைத்தான். பொண்டாட்டி வலியைக் காட்டி வாங்கிட்டுப் போய் விக்கிறீங்களே, எப்படி மனசு வருது? உங்களால எத்தனை பேர் வீடு நாசமாகுது தெரியுமா?"

முதலாளி எழுந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. கைபேசியை எடுத்து, "இப்படிப் பாருங்க," என்றார். ஏதோ அடையாள அட்டைக்கு எடுக்கிறார்கள் என்று பூட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும். கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, தலையைக் கையால் வாரி, நிமிர்ந்து நின்றார். படம் மருந்துக்கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. 'இவருக்கு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம்' என்று கூடவே ஒரு வரி.

"கிளம்புங்க," என்றார் முதலாளி, கல்லாவுக்குத் திரும்பியபடியே.

பூட்டுக்காரர் சீட்டை மடித்தார். மடித்தவர் போகாமல் அவள் பக்கம் குனிந்தார்.

"ரூல் மாறிடுச்சு, இனிமே பாதிதான் தருவாங்கன்னு உன் தம்பி சொன்னப்ப நாங்க ஒரு வார்த்தை கேட்டோமா? பகல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு ராத்திரிக்கு மட்டும்தான் போட்டுக்கறா. அந்தப் பாதியாவது குடும்மா."

எந்த ரூலும் மாறவில்லை. மாதா மாதம் முழுசாகத்தான் வெட்டி, மூலை வளைத்து, உறையில் போட்டு, தம்பி கையில் கொடுத்தாள். இப்போது வாயைத் திறந்தால் போதும். முதலாளி எட்டின தூரத்தில் இருந்தார். தம்பி உள்ளே பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். அவள் திறக்கவில்லை. அவர் படியிறங்கி எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போவதையும், அந்தக் கடைக்காரர் கைபேசியைப் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டுவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அடுத்த கடையைத் தேடி நடந்தார்.

சீட்டின் தலைப்பில் டாக்டரின் எண் இருந்தது. அவள் எத்தனையோ முறை பார்த்த எண். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடமே கேட்டிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

உள்ளே தம்பி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அட்டைத் துண்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"முதல்ல ஒண்ணு ரெண்டுதான்க்கா எடுத்தேன்," என்றான் தரையைப் பார்த்து. "அப்புறம் முடியல. போடலைன்னா உடம்பெல்லாம் நடுங்குது. அந்த அம்மாவுக்கு என்ன, எப்படியும்..."

"முடிக்காதே."

"முதுகு பிடிச்சப்ப முதல் மாத்திரை குடுத்ததே முதலாளிதான். லீவு கேட்டேன். ஒண்ணு போட்டுக்கிட்டு இறக்குடான்னாரு. நானா தேடிப் போகல." அழுதுவிட்டான். அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லைங்க. குழுவுல போட்டத எடுத்துடுங்க. அவர் தெருத்தெருவா அலையறாரு."

"எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. கேட்டா உன் தம்பி வருவான். அவனுக்குப் பின்னாடி நீ வருவே. கடைசியில என் லைசென்ஸ் வரும். மருந்து ஆய்வாளர் எப்ப வேணா வருவாரு. நாம கவனமா இருக்கோம்னு தெரியணும்ல?" பிறகு குரலைத் தணித்தார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. சாயங்காலம் பூட்டுக்காரரைப் பின்வாசலுக்கு வரச் சொல்லு. நம்மகிட்டயே முழுசா வாங்கிக்கட்டும். உன் தம்பி இனிமே பெட்டி மட்டும் இறக்கட்டும்."

"அவனுக்கும் வைத்தியம் பாக்கணும். அந்த முதுகோட..."

"இறக்க முடியலைன்னா வேற வேலை பாத்துக்கச் சொல்லு."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டியதை நினைத்து அப்போதே வெட்கமாக இருந்தது.

பூட்டுக்காரர் வீடு ஒற்றை அறை. சுவரில் ஆணி அடித்துச் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அந்த அம்மா சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். வாயில் ஒரு துணியைச் சுருட்டிக் கடித்திருந்தார். கத்தினால் அக்கம்பக்கத்தில் கேட்கும் என்று சங்கடமாம். கத்திரி அக்கா வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு, "உக்காரும்மா," என்றார். அவள் உட்காரவில்லை. பின்வாசல் விஷயத்தை வாசலிலேயே பூட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் காலிப் பெட்டிகளுக்கும் குப்பைக் கூடைக்கும் நடுவில் அவர் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை அவளிடம் நீட்டினார். உள்ளே காலி அட்டைகள், எல்லாம் மூலை வளைத்தவை.

"எண்ணிப் பாத்துக்கோம்மா. ஒண்ணுகூட வெளிய போகல. உன்மேல சத்தியமா."

"வேண்டாம்யா." முழு மாதத்துக்கான உறையை அவர் கையில் வைத்தாள். "தப்பு உங்க மேல இல்ல. என் தம்பி..."

"தம்பி நல்ல பிள்ளைம்மா. வரும்போதெல்லாம் அவகிட்ட நாலு வார்த்தை பேசிட்டுத்தான் போவான்." உறையைத் தொட்டு அதன் கனத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ரூலை மாத்திட்டாங்களா? நீதான் பேசியிருப்பே. ஊரே திருடன்னு பாத்தப்ப, கோவத்துல ரெண்டு வார்த்தை சொன்னாலும், நீ ஒருத்திதான் எங்களுக்காக நின்னிருக்கே."

சொல்ல வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். "ஏம்மா, முன்னாடி ஆள் நிக்குது," என்று முதலாளியின் குரல் வந்தது. அவர் அதற்குள் பையைச் சுருட்டிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுவரோரமாக நடந்துபோனார்.

முன்பக்கம் கண்ணாடி மேல் ஒரு தாள் கிடந்தது. முதலாளி பக்கத்துக் கடையில் அச்சடித்து வாங்கி வந்திருந்தார். கழுத்துப் பித்தான் போட்டு, தலை வாரி, நிமிர்ந்து பார்க்கிற பூட்டுக்காரரின் முகம், கீழே அதே ஒரு வரி.

"வர்றவங்க கண்ணுல படற மாதிரி ஒட்டும்மா. ஓரத்தை வெட்டிடு, கோணலா இருக்கு."

அவள் கத்திரியை எடுத்தாள். ஓரத்தை நேராக வெட்டினாள். பிறகு, பழகிப்போன கை, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக வளைத்து வெட்டியது. தாளை அலமாரிக் கண்ணாடியில் வைத்து அழுத்தி ஒட்டினாள்.