ஆர்லோவுக்குப் போன அழைப்பு அட்டை

1

இந்தக் கதையை இருபத்திரண்டு வருடங்களாக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாண விருந்து, மீன்பிடிப் படகு, பல் வைத்தியர் வீட்டு வராந்தா, எங்கே நாலு பேர் அகப்பட்டாலும் விடமாட்டேன். சொன்ன இடமெல்லாம் சிரிப்பு. போன மாதம் ஒரு பாவி மட்டும் நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு, "சரி, அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டுவிட்டான். ஐஸ் எடுத்து வருகிறேன் என்று எழுந்தவன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அயோவாவின் சோளக் காடுகளின் மேல் செப்டம்பர் வெயில் பொன்னாக..." வேண்டாம். சோளம் இந்தக் கதையில் வரவே வராது.

இரண்டாவது: "தனிமை என்பது..." ஐயோ சாமி.

மூன்றாவது: எங்கள் கல்லூரியில் ஒரு சகோதர சங்கத்தில் சேர்ந்துவிட்டால் முதலாண்டுப் பையனுக்கு ஒரே நாளில் நாற்பது அண்ணன்கள். சேராவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் ஓரத்து மேஜை. ஆள் எடுக்கும் வாரம் முழுக்கப் புதுப் பையன்கள் மார்பில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்து, எங்கள் பார்பிக்யூவைத் தின்று, எங்கள் மொக்கை ஜோக்குக்குச் சிரிப்பார்கள். கடைசியில் ஓட்டெடுப்பு. தேறியவன் அறைக்கு அழைப்பு அட்டையோடு போய் அவனைத் தோளில் தூக்கி வருவோம். மாலை ஐந்து மணிக்குள் மாணவர் அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பிறகு எங்களாலும் அவனைக் கழற்றிவிட முடியாது.

வறட்சியாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

(எங்கள் சங்க வீட்டு முகப்பில் சங்கத்தின் பெயராக மூன்று கிரேக்க எழுத்துகள். எவை என்று சொல்லமாட்டேன். ஒன்று ஆணி கழன்று தலைகீழாகத் தொங்கியதால் எங்களுக்கே கொஞ்சம் சந்தேகம்.)

3

அந்த வருடம் ஆர்லோ விட்காம்ப் என்ற பெயருக்கு நாற்பத்தொரு ஓட்டு.* எதிர்ப்பே இல்லை. சனிக்கிழமை விருந்தில் சோபாவைத் தாண்டிப் பல்டி அடித்தவன். எங்கள் நாய்க்குக் கைகுலுக்கக் கற்றுக்கொடுத்தவன்.

"இவன விட்டோம்னா நம்மள மாதிரி கேனப்பயலுக இந்த ஊர்லயே கிடையாதுடா" என்றான் எங்கள் தலைவன் கிளேட்டன்.

அட்டையில் பெயர் எழுதியது நான். விருந்தில் பெயர்ச் சீட்டுகளைப் பார்த்துப் பட்டியல் எடுத்ததும் நான்தான். இதைப் படகில் சொல்லும்போது விட்டுவிடுவேன்.

* நாற்பத்தொன்றாவது ஓட்டு சமையற்காரருடையது. அவருக்கு ஓட்டே கிடையாது. யாரும் கேட்கவில்லை.

4

[இங்கே கிளேட்டனை வர்ணிக்க வேண்டும். மூன்று பத்தி எழுதினேன். அவன் இப்போது வக்கீல். மூன்றையும் அடித்துவிட்டேன். உயரமானவன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.]

நான், கிளேட்டன், இன்னும் நாலு தடியன்கள் விடுதிக்குப் போய்க் கதவை இடித்தோம். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் திறந்தான். கையில் கரண்டி.

"ஆர்லோ விட்காம்ப்!" என்று கத்தினோம்.

"நான்தான் சார். ஜாக்கெட்டக் குடுக்க வந்தீங்களா? அதுக்கு எதுக்கு சார் இத்தன பேரு? சொல்லிவிட்டிருந்தா நானே வந்து வாங்கியிருப்பேனே."

அவனை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதற்குள் தடியன்கள் வழக்கப்படி அவனைத் தூக்கி எங்கள் தோளில் ஏற்றிவிட்டார்கள். ஒரு தொடை என் தோளில், மற்றது கிளேட்டன் தோளில்.

"டேய், இவன் இல்லடா" என்றான் கிளேட்டன், பல்லைக் காட்டிச் சிரித்தபடியே.

"தெரியுது. மூடிக்கிட்டு நட."

"பல்டி அடிச்சவன் எங்கடா?"

"என்னயக் கேட்டா?"

மேலேயிருந்து ஆர்லோவே விளக்கம் கொடுத்தான். "ரெஜ்ஜின்னு ஒரு பையன் சார், சட்டையெல்லாம் சாஸக் கொட்டிக்கிட்டான். பாவமா இருந்துச்சு, என் ஜாக்கெட்டக் கழட்டிக் குடுத்தேன். பேரு அதுலதான் ஒட்டியிருந்துச்சு. அப்புறம் பேரு இல்லாம நிக்கக் கூச்சமா இருந்துச்சா, கிளம்பிட்டேன். மொத்தமே பத்து நிமிஷம் இருந்திருப்பேன். அதுக்குள்ளயா சார் என்னய இவ்வளவு புடிச்சுப்போச்சு?"

படகில் இந்த இடத்தில்தான் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

5

ஆர்லோவை இன்னும் கொஞ்சம் அசடாக எழுதினால் எனக்குச் சௌகரியம். எழுதியும் பார்த்தேன். ஆனால் அவன் அசடு இல்லை. வீட்டுப் புல்வெளியில் காத்திருந்த கும்பல், நாங்கள் அவனை இறக்கியதும் யாரென்று பார்க்காமலே "பல்டி! பல்டி!" என்று கத்தியது.

"எனக்குப் பல்டி தெரியாதே" என்றான்.

கும்பல் அடங்கிவிட்டது. நாய் மட்டும் குரைத்தது. ஆர்லோ நாயைப் பார்த்தான், எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தான், கையில் நாங்கள் திணித்திருந்த அட்டையைப் பார்த்தான்.

கிளேட்டன் என்னைத் தனியே இழுத்தான். "கையெழுத்துக்கு நீயே கூட்டிட்டுப் போ. உன் பட்டியல்தானே? நீயே ஏதாவது பண்ணித் தொல."

6

மாணவர் அலுவலகம். வரிசையில் எங்களுக்கு முன்னால் யாருமில்லை. அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போடவில்லை.

"சார், இந்த ஊருக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் என் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. வாத்தியாரு கூட நம்பரத்தான் சொல்றாரு. நீங்க கதவத் தட்டிக் கத்துனீங்க பாருங்க..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கு இது வேணும் சார். பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப வேணும். ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போடுறேன். என்னயவும் அந்த ரெஜ்ஜியவும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சிருந்தா, நீங்க யாரு பேர எழுதியிருப்பீங்க?"

7

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொன்னேன். அவன் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தான். (என் மனைவி லோரெட்டா படித்துவிட்டு, "நீயா? உண்மையா? போன வாரம் அடுத்தவன் கார இடிச்சிட்டு ஓடி வந்த மூஞ்சியா இது?" என்றாள். இந்த முடிவையும் அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: "உன் பேரத்தாண்டா" என்றேன். கையெழுத்துப் போட்டான், இரண்டே வருடத்தில் சங்கத் தலைவனாகி... (சர்க்கரை தூக்கல்.)

முடிவு மூன்று: இருவரையுமே சேர்த்துக்கொண்டோம், ஏனென்றால் விதிகளில்

இல்லை. அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நேரத்தில் ரெஜ்ஜி தன் அறையில் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், பின்னால் கேள்விப்பட்டேன்.

8

ஐந்தாக எட்டு நிமிடம். நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு மறக்கவில்லை, இரண்டே இரண்டு சொல்தான். அதை எழுதிவிட்டால் நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள் அல்லது திட்டுவீர்கள். இரண்டுமே எனக்கு வசதி. எந்த வசதியும் இனி எனக்கு வேண்டாம்.

ஆகவே நீங்கள் வந்து நில்லுங்கள் என் இடத்தில். பேனா அவன் கையில் இருக்கிறது. கேட்டுவிட்டான், காத்திருக்கிறான். "உன் பேர்" என்பீர்களோ, "அவன் பேர்" என்பீர்களோ, அது உங்கள் பாடு. எதைச் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.