சத்தம் கூடிய கிலுகிலுப்பை

தென்சீனாவில் எங்கள் செங்ஹாய் ஊரில் பொம்மை செய்கிற அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். யாருக்கும் பிடிக்காது. பிடிக்கும்படியான வேலையா செய்கிறேன்? பொம்மைகளைச் சோதிக்கிற ஆய்வகத்தில் இருக்கிறேன். அவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்து கொண்டுவரும் கரடியின் கண்ணைக் கருவியில் மாட்டிப் பிடுங்கிப் பார்ப்பேன். வாத்தைத் தூக்கித் தரையில் போட்டு உடைகிறதா என்று பார்ப்பேன். காரின் சக்கரம் கழன்று வந்தால், அது ஒரு குழந்தையின் தொண்டைக்குள் போகிற அளவா என்று, அதற்கென்றே இருக்கிற சின்னக் குழாயில் போட்டுப் பார்ப்பேன். உள்ளே போய்விட்டால் பெயில். அந்தக் கார் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறாது. என் கையில் கொடுத்தால் யானைகூடக் கால் ஒடிந்துதான் திரும்பும் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

முகத்துக்கு நேராகப் பேசுகிறவன் பெங் ஹான்போ ஒருவன்தான். முப்பது வயது, வாயாடி. சின்னப் பட்டறை வைத்திருந்தான். கீழே அச்சு இயந்திரங்கள், மேலே வீடு. கிலுகிலுப்பை மட்டும்தான் செய்வான். பச்சைப் பிடி, மாதுளம்பழம் போல ஒரு சிவப்புத் தலை, உள்ளே மணிகள். அழகாகத்தான் இருக்கும். போன வருடம் எல்லாச் சோதனையும் தேறி ஜெர்மனிக்குப் போனது. இந்த வருடம் ஓசை கணீரென்று இருக்கட்டுமே என்று உள்ளே இருந்த மணியை மாற்றினான். அங்கே பிடித்தது சனி.

மற்றப் பொம்மைகளுக்கு இயந்திரம் உண்டு. கிலுகிலுப்பையை மட்டும் ஆள்தான் ஆட்ட வேண்டும். ஒலி அறைக்குள், ஒலிவாங்கிக்கு முன்னால், முன்கையை அசையாமல் வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் வெடுக் வெடுக்கென்று கீழே அடிக்க வேண்டும். எத்தனை வருடமாக ஆட்டுகிறேனோ, என் வலது கைக்குத் தனியாகத் தைலம் வாங்குகிறேன். பெங்கின் புதுக் கிலுகிலுப்பையை ஆட்டிய முதல் தடவையே சத்தம் அளக்கிற கருவியின் முள் அனுமதிக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பெயில் என்றேன். சிவப்புத் தலையின் ஓட்டைத் தடிமனாக்கிக் கொண்டுவந்தான். அதுவும் பெயில். மணிகளைக் குறைத்துக்கொண்டு மூன்றாவது தடவை வந்தான். அப்போதும் கோட்டுக்கு மேலேதான்.

அன்றைக்கு அவன் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. எங்கள் ஊரில் எந்தச் சண்டைக்கும் முதலில் தேநீர் போட்டாக வேண்டும். கூடவே கொண்டுவந்திருந்த இலையை அவனே போட்டு, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, எனக்கும் நீட்டிவிட்டு ஆரம்பித்தான். ஐரோப்பாக்காரன் காது என்ன பட்டுத்துணியா, இந்தச் சத்தத்துக்கே கிழிந்துபோகுமா என்றான். குழந்தையின் காதைவிடவா உன் மணி முக்கியம் என்று நானும் விடவில்லை.

"குழந்தை காதா? எங்கிட்டயும் ஒண்ணு இருக்குக்கா, பத்து மாசத்துல. தொட்டில் பக்கத்துல வச்சு இதையே ஆட்டிப் பாத்துட்டேன். கண்ணக்கூட முழிக்கல. கீழ மெஷின் தடதடன்னு ஓடுது, மேல எம்பொண்ணு சொகமா தூங்குது. தெருவே மெச்சுது. பொம்மைக்காரன் புள்ளன்னா இப்படில்ல இருக்கணும்கறாங்க."

வாய்க்குக் கொண்டுபோன கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கிலுகிலுப்பையை ஆட்டுகிற எனக்கே காதுக்குள் கொஞ்ச நேரம் ரீங்காரம் நிற்காது. பச்சைக் குழந்தை தொட்டிலில் கண்ணைக்கூட விழிக்கவில்லை என்றால், அதற்குக் காது கேட்கிறதா இல்லையா?

சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்வது என் வழக்கமில்லை. குழந்தையை நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றேன். நான் மசிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான் பாவி. குழந்தையைப் பார்த்தால் கல்லும் கையெழுத்துப் போட்டுவிடும் என்று சொல்லிவிட்டு உற்சாகமாகப் போனான்.

மறுநாள் மனைவி லியுயினோடு வந்தான். லியுயின் அதிகம் பேசாதவள். அவள் இடுப்பில் குழந்தை ஆ நிங். பின்னிய தொப்பி, கீழே இரண்டு பல், முகவாய் முழுக்க எச்சில். என்னைக் கண்டதும் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், இத்தனை பொம்மைகளை உடைத்த என் கை தானாகப் போய் அந்த எச்சிலைத் துடைத்தது. கடவுளே, நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒலி அறையின் சுவர் முழுக்கப் பஞ்சு. சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே விழுந்துவிடும். லியுயினை மடியில் குழந்தையோடு உட்காரவைத்தேன். பெங்கை எதிரே உட்காரச் சொல்லி, முகத்தால் எதுவும் சேட்டை செய்யக்கூடாது என்று கண்டித்துவைத்தேன். நாடாவைக் கழற்றி ஆ நிங்கிடமே கொடுத்துவிட்டேன். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால், என் நிழல்கூட அவள்மேல் விழாத இடத்தில் நின்றுகொண்டு ஆட்டினேன்.

ஆ நிங் நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தாள். மறுபடி ஆட்டினேன். தலை அசையவில்லை.

பெங் தொடையைத் தட்டினான். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

லியுயின் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே, இது அவளுக்குப் புதிதில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அலமாரியில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பொம்மை ஜால்ரா இருந்தது, சத்தத்திலேயே படுதோல்வி கண்ட உருப்படி. அதை எடுத்துவந்து, குழந்தைக்குப் பின்னால் நின்று ஓங்கித் தட்டினேன். பெங் துள்ளி எழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். எதிரே அப்பா துள்ளியதைப் பார்த்து ஆ நிங் கலகலவென்று சிரித்தாள். பின்னால் திரும்பவில்லை.

அவன் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குழந்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்திலிருந்த இளிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது.

"பொறந்த மறுநாளே மெஷின் வச்சுப் பாத்தாங்கக்கா. ரெண்டு காதும் பாஸ்னு சொன்னாங்க."

"போன வருஷம் உன் கிலுகிலுப்பையுந்தான் பாஸ். அப்புறம் உள்ள மணிய மாத்துன. நாம மறுபடி பாக்கலையா? அன்னைக்குப் பாஸ்னா அன்னைக்குப் பாஸ், அவ்வளவுதான் தம்பி."

"இவளுக்குள்ள நாங்க எதை மாத்தினோம்?"

பதில் லியுயினிடமிருந்து வந்தது. ஐந்தாம் மாதம் பெரிய காய்ச்சலில் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அதற்குப் பிறகுதான் இப்படி அமைதியானதையும் சொன்னாள். மழலைகூடக் குறைந்துகொண்டே வந்ததாம். யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுக்களையில் பானை மூடிகளைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். "வாயால சொல்லிட்டா நெசமாயிருமோன்னு பயந்துட்டேன்" என்றாள். அந்த அறையில் அவள் விம்மியதுகூடச் சுவரில் பட்டுத் திரும்பவில்லை.

ஷான்டோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னேன். பெங் குழந்தையைப் பறிக்கிற மாதிரி மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டான். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினான்.

"ஒடைக்கிறது ஒண்ணுதான் உனக்குத் தெரியும். எம்புள்ளையும் உனக்குப் பொம்மையாப் போச்சா?"

கிலுகிலுப்பைகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். நான் எவ்வளவோ திட்டு வாங்கியவள். ஒருவன் கண்ணில்லாத கரடியை என் மேலேயே எறிந்திருக்கிறான். எதையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனதில்லை. அன்று மட்டும் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன். என்ன ஆயிற்று என்று கேட்ட கணவரிடம் கை வலி என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு பெங் வரவேயில்லை. பட்டறையில் இயந்திரங்கள் பாதி நாள் ஓடுவதில்லை என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் ஷான்டோவுக்குப் பஸ் ஏறுவதாகவும் காதில் விழுந்தது. கூட்டிக்கொண்டு போயிருக்கிறானே, அது போதும் என்று இருந்தேன். ஆனால் வேறு யாருடைய கிலுகிலுப்பையை ஆட்டினாலும் அந்தத் தொப்பி போட்ட தலைதான் ஞாபகத்துக்கு வரும். திரும்பாத தலை.

புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்த அன்று வாசலில் நின்றான் பெங். இளைத்திருந்தான். கையில் இரண்டு ஆரஞ்சு. புத்தாண்டில் ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது, வந்தவரைத் திருப்பி இரண்டு ஆரஞ்சு கொடுக்காமல் அனுப்பவும் கூடாது. எங்கள் ஆய்வகத்திலோ வாடிக்கையாளரிடம் ஒரு மிட்டாய்கூட வாங்கக்கூடாது. நான் முறைத்தேன். "போகும்போது ரெண்டு திருப்பிக் குடுக்கத்தானக்கா போறீங்க? கணக்கு நேராயிடும்" என்றான். மறுபடி மரியாதைக்கு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் லியுயின், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி ஆ நிங். இரண்டு காதுக்குப் பின்னாலும் கடலை அளவில் ஒரு காது கேட்கும் கருவி ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று பேசியதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததை லியுயின்தான் சொன்னாள். கேட்கும் சக்தி கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம், கருவி வைத்தால் போதுமாம். இன்னும் ஒரு வருடம் தெரியாமலே விட்டிருந்தால் பேச்சு வருவதே கஷ்டமாகியிருக்கும் என்றாராம் டாக்டர். அதைச் சொல்லும்போது என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

பெங் பையிலிருந்து புதுக் கிலுகிலுப்பையை எடுத்தான். அதே பச்சைப் பிடி, அதே மாதுளம்பழம். மணிகளை மட்டும் பழையபடி மாற்றியிருந்தான். உள்ளே போய் ஆட்டிப் பார்த்தேன். முள் கோட்டுக்குக் கீழேயே நின்றது. வெளியே வந்து, பாஸ் என்றேன். எத்தனை மாதம் என்னோடு மல்லுக்கு நின்றவன், குதிப்பான் என்று பார்த்தால் குதிக்கவில்லை. கிலுகிலுப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

ஆ நிங் தரையில் உட்கார்ந்து என் செருப்பின் வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். பெங் அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் குந்தினான். முன்கையை அசையாமல் வைத்து, நான் ஆட்டுகிற மாதிரியே மணிக்கட்டை வெடுக்கென்று அடித்தான்.

ஆ நிங்கின் கை வாரை விட்டது. தலை திரும்பியது. யார் அது என்பதுபோல் கிலுகிலுப்பையையும் அப்பாவையும் பார்த்தாள். பிறகு புருவம் சுருங்கி, உதடு பிதுங்கி, ஓவென்று அழத் தொடங்கினாள். பெங் கிலுகிலுப்பையைக் கீழே போட்டுவிட்டு அவளை வாரி எடுத்துக்கொண்டான். இல்லடா கண்ணு, இல்லடா என்று முதுகைத் தடவினான். அவன் கன்னமெல்லாம் ஈரம். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை அவனுக்கு. நானும் துடைத்துக்கொள்ளவில்லை.

அழுகை அடங்கியதும் கீழே கிடந்ததை எடுத்துப் பைக்குள் திணித்தான்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற? பாஸ்னு சொன்னேன்ல?"

"ஐரோப்பாவுக்குப் பாஸ்கா. எங்க ஆ நிங்குக்கு இன்னும் சத்தம் கூட. கொறைச்சுட்டு அடுத்த வாரம் கொண்டாரேன்."

தேறிய பொம்மையைத் தானே பெயிலாக்கித் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறவனை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அவன் கொண்டுவந்த ஆரஞ்சை வைத்துக்கொண்டு, என் மேஜையில் இருந்த இரண்டை ஆ நிங்கின் கைக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.