மூன்று மணிக் கிளினிக்

எங்கள் கரையில் காலை நேரம் நண்டுக்குச் சொந்தம். விடியப் படகுகள் வந்து சேரும். வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால் முறியாமல் பெட்டியில் போட்டு, கொம்பனி லொறி வருவதற்குள் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கால் முறிந்த நண்டை எவனும் மதிக்க மாட்டான். இந்த வேலை பெண்களுடையது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதற்காக நண்டு காத்திருப்பதில்லை.

கர்ப்பிணிக் கிளினிக்கோ உள்ளே தோட்டப் பக்கத்து ஊரில், காலையோடு தொடங்கிவிடும். நம்பர் கொடுத்து முடிந்த பிறகுதான் எங்கள் பஸ் அங்கே போய்ச் சேரும். என் தம்பி ஜெனிஸ்ரனின் மனைவி ஜெசிதாவுக்கு அது முதற்பிள்ளை. ஒரு நாள் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் கொடுக்கிற பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நேரத்துக்கு வரத் தெரியாதோ?” என்றாள். வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தி கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளி இருந்தாள். குளித்துவிட்டுத்தான் போயிருந்தோம். ஆனால் நண்டு மணம் சவர்க்காரத்துக்கு அடங்காது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாங்கையே கவிழ்த்திருப்பேன். ஜெசிதா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

எங்கள் பகுதிக்கு ஒரு மிஸ்ஸி இருக்கிறார். உத்தியோகப் பெயர் குடும்பநல மருத்துவமாது, சொந்தப் பெயர் உதயகலா. நீர்வேலி வாழைத்தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் திருநீறு, ஸ்கூட்டியில் மருந்துப் பை, வாயில் எப்போதும் ஒரு அதட்டல். வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவருடைய வேலை. ஜெசிதா அந்த ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே பின்படலையால் கடற்கரைக்கு நடையைக் கட்டிவிடுவாள்.

ஒரு நாள் மிஸ்ஸி என்னைப் பிடித்துக்கொண்டார். “யசிந்தா, உவள் ஏன் என்னைக் கண்டா ஓடுறாள்? நான் என்ன பேயோ?”

நானும் வாங்கு, லேஞ்சி, நம்பர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். மிஸ்ஸியின் முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “உது அவளின்ரை பிழையில்லை. எங்கடை பிழை” என்றுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து நடந்ததை மிஸ்ஸி பிறகு எனக்கு நடித்தே காட்டினார். சுற்றுவட்டாரத்து மிஸ்ஸிமார், கிளினிக்கில் வேலைசெய்யும் தாதி வசந்தினி, எல்லாரையும் திரட்டிக்கொண்டு டொக்டர் கோபிசங்கரின் அறைக்குள் போயிருக்கிறார். டொக்டர் இளம் ஆள், நல்லவர்தான். ஆனால் கரைப்பக்கத்துச் சனத்துக்கு உடம்பில் அக்கறை இல்லை என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டவர்.

“சனம் வரேல்லை எண்டு சொல்லாதேங்கோ டொக்டர். சனம் வரக்கூடிய நேரத்திலை நாங்கள் அங்கை இல்லை. கிளினிக்கைக் கரைக்குக் கொண்டுபோவம். பின்னேரம் வைப்பம்.”

“வேலை முடியிற நாலு மணிக்குப் பிறகு ஆர் நிக்கிறது?”

“நாங்கள் நிக்கிறம்” என்றார்களாம் எல்லாரும் ஒரே வாயாக.

டொக்டர், ஒரு தரம் செய்து பார்ப்போம், ஆள் வராவிட்டால் பழையபடி காலைதான், பிறகு யாரும் இந்தக் கதையை எடுக்கக்கூடாது என்றாராம்.

மிஸ்ஸி வீடு வீடாக வந்து சொன்னார்: வருகிற வெள்ளி, மூன்று மணி, கோயிலோடு ஒட்டிய பங்கு மண்டபம். முதல் கிளினிக் என்பதால் நல்ல நாளாகப் பார்த்து வெள்ளிக்கிழமையைத் தெரிவுசெய்தேன் என்று பெருமையும் பேசினார். நாங்கள் எல்லாரும் “ஓம் மிஸ்ஸி” என்றோம். எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. உத்தியோகத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும் முதலில் ஓம் போட்டுவிடுவோம். அது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம், வெள்ளி மூன்று மணிக்குக் கரை முழுக்கச் சிலுவைப்பாதையில் நிற்கும் என்று ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. மிஸ்ஸிக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். டொக்டர் போட்ட நிபந்தனையை மிஸ்ஸியும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை வீதியால் நாங்கள் புறப்பட்டபோது, மண்டபத்து யன்னலால் பார்த்தேன். திரை கட்டி, கட்டில் போட்டு, கதிரைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கதிரையிலும் ஆளில்லை. டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற மிஸ்ஸி, தன் கர்ப்பிணிகள் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

வேறு யாரும் என்றால் வந்த வாகனத்தில் ஏறித் திரும்பிப் போயிருப்பார்கள். மிஸ்ஸி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திருநீற்று நெற்றியோடு சிலுவைப்பாதையின் கடைசி ஆளாக வந்து சேர்ந்துகொண்டார்.

இயேசு சிலுவை சுமந்ததை நினைக்கிற பதினான்கு நிலைகள்; ஒவ்வொன்றிலும் நாங்கள் மணலில் முழங்காலில் நிற்போம். பின்னால் நிற்பவருக்கு முன்னால் இருப்பவர்களின் காலடிகள்தான் தெரியும். மிஸ்ஸி செபம் சொல்லவில்லை, கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டாம் நிலையில், இயேசு அழுகிற பெண்களைக் கண்டு நின்று கதைக்கிற இடத்தில், எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“உவளின்ரை காலைப் பார். எத்தினை நாளா இப்பிடி?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஜெசிதாவின் கணுக்கால் எது, கால் எது என்று தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. மிஸ்ஸி விரலால் அழுத்த, குழி விழுந்தது. அது எழும்பவே இல்லை.

“தலையிடி இருக்கோ பிள்ளை? கண் மங்குதோ?”

ஜெசிதா முதலில் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள். “காலமை தொடக்கம் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது மிஸ்ஸி.”

கவிழ்த்துப் போட்டிருந்த தோணி ஒன்றில் அவளை இருத்திவைத்து மிஸ்ஸி பிரசர் பார்த்தார். ஒரு தரம் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். போனை எடுத்தார். “டொக்டர், ஓடி வாங்கோ. அம்புலன்சுக்கு அடிச்சிட்டுத்தான் வெளிக்கிடவேணும்.”

எங்கள் அம்மா செபஸ்தியம்மாதான் சிலுவைப்பாதையில் செபம் சொல்லிக்கொடுப்பவர். பாதியில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. “வெறும் தலையிடிதானே மிஸ்ஸி. இன்னும் கொஞ்ச நிலைதான். முடியட்டும், கூட்டிக்கொண்டு போவம்.”

“அம்மா, உங்கடை மருமகள் இரட்டை உயிர். நிலை முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டா ஆண்டவர் என்ன சொல்லுவாரோ எனக்குத் தெரியாது. நான் சும்மா விடன்.”

அம்மாவோடு அந்த மாதிரி யாரும் கதைத்ததில்லை. முன்னால் நின்ற பங்குச் சுவாமிதான் சிலுவையைத் தோணியில் சாய்த்து வைத்தார். “ஆண்டவர் இந்த இடத்திலை பெண்களுக்காக நிண்டவர், செபஸ்தியம்மா. நாங்களும் நிப்பம்.”

டொக்டர் சப்பாத்துக்குள் மணல் புக ஓடிவந்தார். அவர் பார்த்தபோதும் பிரசர் இறங்கவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை அம்மா மருமகளின் வீங்கிய காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் ஜெசிதாவோடு ஏறினேன். பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள், இன்னும் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும், இரண்டு உயிரில் ஒன்றையும் கையில் பிடித்திருக்க முடியாது என்று. நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

கரையில் பிறகு நடந்ததை மற்றப் பெண்கள் சொன்னார்கள். சுவாமி கடைசி நிலையை மண்டப வாசலில் முடித்தாராம். மிஸ்ஸி வாசலை மறித்துக்கொண்டு நின்று, “எனக்கு ஓம் போட்ட ஒருத்தரும் கிளினிக் பாக்காமல் வீட்டை போகேலாது” என்றாராம். கதிரைகள் போதாமல் பெண்கள் பாயில் இருந்திருக்கிறார்கள். லைட் போட்ட பிறகும் டொக்டர் எழும்பவில்லை. வசந்தினி நின்றார், மிஸ்ஸிமார் எல்லாரும் நின்றார்கள்.

முடிவில் டொக்டர், “அடுத்த கிளினிக்கை எப்ப வைப்பம்?” என்று மிஸ்ஸியைக் கேட்டார்.

“என்னட்டைக் கேளாதேங்கோ. நான் பாத்த நாளின்ரை அழகைக் கண்டனீங்கள்தானே. உவையைக் கேளுங்கோ.”

எங்கள் பெண்கள் முதற்தடவையாக ஒரு உத்தியோகத்தருக்கு இல்லை என்று சொன்னார்கள். செவ்வாய் அந்தோனியார் நாள், இல்லை. புதன் சகாயமாதா நாள், இல்லை. வெள்ளியைப் பற்றிக் கதையே எடுக்க வேண்டாம். வியாழன் பின்னேரம் என்று அவர்களே தீர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய நம்பர்க்காரியும் இப்போது வியாழனில் எங்கள் மண்டபத்துக்குத்தான் வருகிறாள். நம்பர் கொடுக்கிறாள், வாயைக் கொடுப்பதில்லை.

ஜெசிதாவுக்கு மாதம் நிறையாமல் பெண்பிள்ளை பிறந்தது. உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பால் குடிப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வியாழன் பிள்ளைக்கு ஊசி. மூன்று மணிக்கு முன்பே மண்டபம் நிரம்பிவிட்டது. ஜெசிதா முதல் வாங்கில், காலையில் கழற்றிய நண்டின் மணத்தோடு நிமிர்ந்து இருந்தாள். யாரும் தள்ளி இருக்கவில்லை. மிஸ்ஸியை மட்டும் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காற்றுப் போன ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா வாசலை மறித்தார். மிஸ்ஸியை மேலும் கீழும் பார்த்தார்.

“நேரத்துக்கு வரத் தெரியாதோ, மிஸ்ஸி?”

மண்டபம் முழுவதும் சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் ஜெசிதா.