கம்பம் சாய்ந்த படம்

குளியலறைக் கதவைச் சாத்த முடியாமல் போன அன்றுதான் என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. மரம் ஊறியிருக்கும் என்று ஓரத்தைச் சீவிவிட்டேன். சில நாளில் மறுபடி மாட்டியது. மேசையில் வைத்த பென்சில் எப்போதும் ஜன்னல் பக்கமாகவே உருண்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குழி. பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இரவு வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் கிடந்த காலம் அது. குழிக்குள் இயந்திரம் இடிக்கும்போதெல்லாம் எங்கள் படிக்கட்டுச் சுவரிலிருந்து பொடி உதிரும். படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கட்டடம் குழிப்பக்கம் சாய்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வேலைக்குப் போறவனுக்கெல்லாம் வீடு நேராத்தான் இருக்கு. படுத்தே கிடக்கிறவனுக்குத்தான் சாயுது" என்றார். படியில் நின்ற மற்றக் குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். நல்ல பதில்தான். எனக்கே சிரிப்பு வந்தது.

மாநகராட்சிக் கட்டட அலுவலகத்து இன்ஜினியர் அப்படி விரட்டவில்லை. என் மனைவி கைப்பேசியில் எடுத்த படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"போனைச் சாய்ச்சுப் பிடிச்சா எந்தக் கட்டடமும் சாயும்மா. ஒழுங்கா எடுத்த படம் ஒண்ணு கொண்டு வாங்க. அதுல தெரிஞ்சா நானே வந்து பாத்து, குழி வேலைய நிறுத்தி எல்லாரையும் வெளியேத்துறேன்."

ஒழுங்காக எடுக்க ஆள் இருந்தது. அவளுடைய தம்பி, என் மச்சான். கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. ரயில் நிலையம், பாலம், நூலகம், கண்ணாடி மாளிகை என்று ஊர் ஊராகப் போவான். மனிதர்கள் நகரும்வரை கேமராவுக்குப் பின்னால் கொக்கு மாதிரி நிற்பான். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் பையைத் திறக்க மாட்டான். இந்த முறை அவனை வாசலிலேயே பிடித்தாள்.

"டேய், ஊர்ல இருக்கிற சுவரெல்லாம் எடுத்துட்டே. அக்கா வீட்டுச் சுவர எடுடா."

"இந்த மூஞ்சியவா? நனைஞ்ச தீப்பெட்டி மாதிரி இருக்குக்கா."

"தீப்பெட்டி சாயுதுடா. அத எடு."

எதிர் நடைபாதையில் கேமரா முக்காலியை வைத்து, வெயில் சுவரில் பக்கவாட்டில் விழும்வரை காத்திருந்தான். கீழ்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நானும் நிக்கட்டுமா?"

"கொஞ்சம் உள்ள போங்கம்மா. கட்டடம் மட்டும் போதும்."

"நான் போயிட்டா மட்டும் இது அழகாயிடுமா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மச்சான் அன்றே வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டான். அங்கிருந்து பெரிய அளவில் அச்சுப்போட்டு அனுப்பினான். நம் வீடா இது என்று கேட்கும்படி இருந்தது. ஒவ்வொரு செங்கல்லும் தெரிந்தது. உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினோம்.

இன்ஜினியர் படத்தின் மேல் அளவுகோலை வைத்தார். கட்டடத்தின் இரண்டு ஓரத்திலும் வைத்துப் பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கேம்மா. நிம்மதியாப் போய்த் தூங்குங்க."

புகார் முடிந்தது. பேருந்தில் அவள் படத்தை மடியில் விரித்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம வாசல் விளக்குக் கம்பம் எப்பங்க சாஞ்சது?"

வீட்டுக்கு வந்து பார்த்தோம். கம்பம் நேராக நின்றது. படத்தில்தான் சாய்ந்திருந்தது.

மச்சானைக் கூப்பிட்டேன். கம்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மாமா... நிமித்திட்டேன்."

"எத?"

"கட்டடத்த. எந்தப் படம்னாலும் அதான் முதல் வேலை. கம்ப்யூட்டர்ல ஏத்தின உடனே சுவரோட ஓரத்துக்குக் கோடு போட்டு, மொத்தப் படத்தையும் திருப்பி நிமித்திடுவோம். கை தானாப் பண்ணிடுச்சு மாமா. யோசிக்கவே இல்ல."

மனைவி போனைப் பிடுங்கினாள். "சாயுதுன்னு காட்டத்தானேடா உன்ன எடுக்கச் சொன்னேன்?"

"தெரியும்க்கா."

"என்னத்தடா தெரியும்?"

கை வைக்காத படத்தை அனுப்பினான். அதில் கம்பம் நேராகவும் கட்டடம் கோணலாகவும் இருந்தன. இன்ஜினியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கு நேர், இன்னைக்குக் கோணல். மேகம்கூட மாறல. நிமித்தத் தெரிஞ்சவருக்குச் சாய்க்கத் தெரியாதா சார்?"

கம்பத்தைக் காட்டினேன். கம்பங்கள் சாய்வதில்லையா என்றார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மனைவி மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாள், சுவர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெருவே பார்க்கட்டும் என்று. வீட்டுக்காரர் மத்தியானத்துக்குள் அறுத்துவிட்டார்.

பிறகு அவரே அலுவலகத்திலிருந்து அந்த நேரான படத்தின் நகலை வாங்கிச் சட்டம் போட்டுப் படிக்கட்டின் அடியில் மாட்டினார். "கிழவனானாலும் எப்படி நெஞ்ச நிமித்தி நிக்கிறான் பாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். வேறு வீடு தேடிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் தேடுவதை நிறுத்தின.

நாங்கள் காலி செய்தோம். போகும்போது மனைவி தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வந்துடுங்கக்கா. வேற இடம் பாத்துக்கலாம்."

அவர் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "உன் தம்பி எடுத்ததுதானே? அவ்ளோ பெரிய கேமராவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு? போம்மா, போய் அடிக்கடி வா."

மழை தொடங்கிக் குழியில் தண்ணீர் தேங்கியது. ஒரு பிற்பகலில் குழிப்பக்கச் சுவர் சரிந்து கட்டடம் தரையோடு போனது. மேல்மாடிக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். தையல்காரம்மாவுக்கு வேலை வீட்டில்தான்.

செய்தித்தாளில், இடிவதற்கு முன் என்று போட்டிருந்தது மச்சான் எடுத்த படம். வீட்டுக்காரர் கொடுத்திருப்பார். கட்டடம் நேராக இருந்தது, கம்பம் சாய்ந்திருந்தது. சாய்வதற்கான அறிகுறி எதுவும் இருக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதாகக் கீழே எழுதியிருந்தார்கள்.

மச்சான் எங்கிருந்தோ கூப்பிட்டான். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

"பேப்பர் பார்த்தேன் மாமா."

"ம்."

"அந்தம்மா படத்தக் காணோமே. கட்டடம் மட்டும்தான் போட்டிருக்காங்க."

"அவங்களை நீதான் உள்ள போகச் சொன்னே."

அறிவிப்பு முடிந்தது.

"அக்கா இருக்காளா மாமா?"

எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இருக்கா. பேச மாட்டா" என்றேன்.