சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்

லோரியின் ஹார்ன் சத்தம் வாசலை அதிர வைத்தது.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்த லோகேஸ்வரிக்கு ஹாலில் கால் வழுக்கியது. தரை முழுக்க ஈரம். விடியற்காலையிலேயே யாரோ வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். யாரோ என்ன, அவள் கணவர் தனபாலன்தான். கையில் துடைப்பத்துடன் வாசற்படியில் நின்றார்.

"என்னங்க இது? லோரி எதுக்கு?"

"ஈஜோக்குக்கு. அங்க அண்ணன் ஒரு ரூம் தரேன்னு சொல்லிட்டாரு. சாமானை எடுத்து வை, லோகா."

லோகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். புஞ்சாக் ஆலாமில் அந்த வீட்டைப் பேங்க் கடனில் வாங்கியதிலிருந்து ஒரு மாதத் தவணைகூடத் தவறியதில்லை. தனபாலன் வேலை செய்த தளவாடத் தொழிற்சாலையை மூடிய பிறகுதான் எல்லாம் நின்றது. போன வாரம் பேங்க் நோட்டீஸ் வந்தது. பாக்கியைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகலாம் என்று அதில் இருந்தது.

"போகலாம்னுதானே போட்டிருக்கான்? இன்னைக்கே காலி பண்ணுன்னு எவன் சொன்னான்?"

"அவன் வந்து விரட்டுற வரைக்கும் உக்காந்திருக்கணுமா? நேத்தே பேங்க் கவுண்டர்ல என் சாவியைக் கொடுத்துட்டேன்."

"சாவியையா?"

லோரிக்காரர் ராஃபேல் கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்தார். தனபாலனோடு ஒரே தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் ஒரே வரிசையில் வளர்ந்தவர். சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் பாலா, சாவியை யாருடா வாங்குனா?"

"கவுண்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுக்கு முன்னால வச்சிட்டு, தேங்க்யூ சொல்லிட்டு வந்துட்டேன்."

"கிராணிகிட்டக் கொடுத்த மாதிரியே கொடுத்திருக்கான், பாரு தங்கச்சி!"

அவர்கள் வளர்ந்த தோட்டத்தில் அதுதான் வழக்கம். வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது. போகிற குடும்பம் வீட்டைக் கழுவித் துடைத்து, சாவியை ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து லோரி ஏறும். குப்பையைப் போட்டுவிட்டுப் போனான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பின்னால் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. தனபாலனின் அப்பா அப்படித்தான் வெளியேறினார். வேலை போன தனபாலனும் துடைப்பத்தைத் தூக்கிவிட்டார்.

"லயம் கம்பெனியோடதுடா. இது உன் பேர்ல இருக்குற வீடு," என்றார் ராஃபேல். சிரிப்பு போய்விட்டிருந்தது. "கோவிட் நேரத்துல என் லோரி ஓடல. வீட்டு லோன் கட்ட முடியல. ஷா ஆலாம்ல கடன் ஆலோசனை ஆபீஸ் இருக்கு, கவர்மெண்டோடது. அவங்கதான் பேங்க்கோட பேசித் தவணையைக் குறைச்சாங்க. என்கிட்ட ஒரு காசு வாங்கல லா."

"நான் யாருகிட்டயும் போய்க் கை நீட்ட மாட்டேன்."

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப ஈஜோக்ல அண்ணி சோறு போடுவாங்களே, அதை எந்தக் கையால வாங்குவீங்க?"

ராஃபேல் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய்ப் பேங்க் தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து லோரியின் முன்சீட்டில் ஏறினாள்.

"அண்ணே, வாடகை பேசியாச்சுல்ல? ஷா ஆலாமுக்கு விடுங்க. என்னங்க, அந்தத் துடைப்பத்தை வச்சிட்டு ஏறுங்க!"

கடன் ஆலோசனை அலுவலகத்தில் உஷாராணி என்ற இளம்பெண் அவர்களை உட்கார வைத்துப் பேசினாள். தாள்களைப் பார்த்தாள். வருமானம் என்ன என்று கேட்டாள். லோகேஸ்வரி பல்கலைக்கழகக் கேண்டீனில் சமையல் வேலை செய்வதைச் சொன்னாள்.

"அங்கிள், நீங்க?"

"இவன் லோரியில கூலிக்குப் போறேன்."

ராஃபேல் திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்பலேருந்துடா?"

"நாளையிலேருந்து."

உஷாராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராஃபேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா மேடம், நாளையிலேருந்துதான். சம்பளத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

தனபாலன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டார். "இது உதவித்தொகை மாதிரியாம்மா?"

"இல்ல அங்கிள். கடனை முழுசாக் கட்டப்போறது நீங்கதான். வருஷம் கூடும், மாசாமாசம் கட்டுறது குறையும். பேங்க் ஒத்துக்கணும், அதுக்காக உங்க சார்பா நாங்க பேசுறோம். கடைசி வெள்ளிக் காசு வரைக்கும் உங்க உழைப்புதான்."

தனபாலன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் பேங்க்கில் நிறுத்தினார்கள். கவுண்டர் பெண் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நேத்து கார் பார்க் வரைக்கும் ஓடி வந்து தேடுனேன், அங்கிள்!" லோகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சில வாரங்கள் தனபாலன் அசாம் ஜாவாவுக்கும் ரவாங்குக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றி இறக்கினார். தோள்பட்டை வீங்கியது. ராத்திரி லோகேஸ்வரி தைலம் தேய்க்கும்போது முனகினாரே தவிர, வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் உஷாராணி போன் செய்தாள். பேங்க் ஒத்துக்கொண்டுவிட்டது. தவணை கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியிருந்தது. ஏலப் பேச்சு நின்றது.

அன்று சாயங்காலம் தனபாலன் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்தார். பிறகு ஈஜோக்கிலிருக்கும் அண்ணன் நல்லசாமியை அழைத்தார். லோகேஸ்வரி கேட் அருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அண்ணே, அந்த ரூம் இனிமே வேணாம். நாங்க வரல."

"ஏன்டா தம்பி, ஃபேக்டரியில திரும்ப எடுத்துட்டானா?" நல்லசாமியின் குரல் ஸ்பீக்கரில் தெருவரைக்கும் கேட்டது.

"இல்லண்ணே. நம்ம குடும்பத்துலயே முதல் தடவையா ஒரு ஆளுக்கு வேலை மட்டும் போயிருக்கு, வீடு போகல."